இயற்கணிதத்துக்கு முன்னால்: அடிப்படைக் கணித வகுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, கோபி, பெருந்துறை சுற்றுவட்டாரத்தில் எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்காகக் கோடை விடுமுறையில் அடிப்படைக் கணித வகுப்பு எடுக்கிறோம். அதைப் பற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கூடியவரை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். சில பதில்கள் நீளமானவை. பிள்ளைகள் வழுக்கும் இடம் அதுதான் என்பதால் அங்கே பொறுமையாகப் படியுங்கள்.

பாடப்புத்தகத்தில் எக்ஸ் என்று வரும் இடத்தில் இந்தப் பக்கத்தில் 'ம' என்று எழுதியிருக்கிறோம். எந்த எழுத்தாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

எம்பட பையன் எட்டாவது பாஸ்தானுங்களே, அப்பறம் எதுக்குங்க மறுபடியும் பின்னமும் மைனஸும்?

எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடுதான். பன்னிரண்டு வயதில் ஃபெயில் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வருவது கஷ்டம். ஆனால் பாஸ் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பையனுக்கு எது தெரியும், எது தெரியாது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் பல்லுறுப்புக் கோவை, மீதித் தேற்றம், காரணிப்படுத்துதல், இரண்டு மாறிகளில் சமன்பாடு என்று வரிசையாக வரும். பத்தாவதில் இருபடிச் சமன்பாடும் அணிகளும். அங்கே நின்று பின்னம் கூட்டுவது எப்படி என்று சொல்லித்தர ஆசிரியருக்கு நேரம் இருக்காது.

தடுமாறும் பிள்ளையின் நோட்டை வாங்கி வரி வரியாகப் பாருங்கள். தேற்றத்தைச் சரியாக எழுதியிருப்பான், முதல் மூன்று வரியும் சரியாக இருக்கும். நாலாவது வரியில் −3 − 5 என்பது +8 ஆகியிருக்கும், அதோடு விடை போச்சு. வீட்டில் அவன் சொல்வது "எக்ஸ் வந்தா ஒண்ணும் புரிய மாட்டீங்குது" என்று. நாங்கள் பார்த்தவரை எக்ஸ் அப்பாவி. தப்பு நடப்பது மைனஸ் குறியிலும் பின்னத்திலும் சமக்குறியிலும்தான். வகுப்பின் பெரும்பகுதி நேரம் இந்த மூன்றுக்கே போகிறது.

வெளிநாட்டில் இதற்குத் தனிப் பாடமே இருக்கிறதாமே?

அமெரிக்கப் பள்ளிகளில் ப்ரீ-அல்ஜீப்ரா என்று ஒரு வருடப் பாடம் உண்டு. பெரும்பாலும் ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பில் படிப்பார்கள், சில இடங்களில் ஒன்பதாம் வகுப்பிலும் வைத்திருக்கிறார்கள். முழுக்கள், பின்னம், தசமம், விகிதம், சதவீதம், எளிய சமன்பாடு, கொஞ்சம் வரைபடம் என்று போகும். நம் ஊரில் அதற்குத் தனிப் பெயர் கிடையாது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் புத்தகங்களில் இவை எல்லாமே இருக்கின்றன. ஆறாம் வகுப்பிலேயே இயற்கணித அறிமுகம் தொடங்கிவிடுகிறது. ஆனால் பருவத்துக்குப் பருவம் பிரிந்து கிடப்பதால், ஆறாவதில் பின்னம் நடத்திய வாரம் அம்மை போட்டுப் படுத்த பிள்ளைக்கு அது போனது போனதுதான். அந்த ஓட்டைகளை அடைப்பதற்கே இந்த வகுப்பு.

பெருக்கல் வாய்ப்பாடே ஏற மாட்டீங்குதுங்க. அவனைச் சேர்த்துக்குவீங்களா?

சேர்த்துக்கொள்வோம். 10 வரை தடங்கல் இல்லாமல் வந்தால் போதும். 16 வரை தெரிந்தால் நல்லது, ஆனால் 19-ஆம் வாய்ப்பாடு தெரியாமல் யாரும் இயற்கணிதத்தில் தோற்றதில்லை. தலைகீழாகக் கேட்பதில்தான் குறியாக இருப்போம். 7 × 8 எவ்வளவு என்பதோடு விடாமல், 56 எந்தெந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று கேட்போம். 1 × 56, 2 × 28, 4 × 14, 7 × 8 என்று மளமளவென்று வரவேண்டும். ஒன்பதாவதில் காரணிப்படுத்தும்போது தேவைப்படுவது இந்தத் தலைகீழ் ஓட்டம்தான். மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி), மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) இரண்டும் இதற்குள்ளேயே வந்துவிடும்.

மைனஸும் மைனஸும் சேர்ந்தா ப்ளஸ்னு படிச்சேன் சார். ஆனா −3 − 5க்கு 8ன்னு போட்டா தப்புங்கறாங்க.

நீ படித்தது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உண்டான விதி. அதைக் கழித்தலுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாய். இந்த ஒரு வாக்கியத்தை அரைகுறையாக மனப்பாடம் செய்து கெட்டுப்போன பரீட்சைத் தாள்களுக்குக் கணக்கே இல்லை.

உங்கள் தோட்டத்து போர்வெல்லை எடுத்துக்கொள். தரைமட்டம் 0. தண்ணீர் 620 அடியில் நிற்கிறது, அதாவது −620. மோட்டாரை 850 அடியில் இறக்கியிருக்கிறார்கள், அது −850. மோட்டாருக்கு மேலே எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? உன் தாத்தாவிடம் கேட்டால் 230 என்று வாயிலேயே சொல்லிவிடுவார். அதையே குறியோடு எழுதினால்:

−620 − (−850) = −620 + 850 = 230

கழிக்கிற எண்ணே மைனஸாக இருந்ததால் அது கூட்டலாக மாறியது. சித்திரையில் தண்ணீர் இன்னும் 90 அடி இறங்குகிறது என்று வை:

−620 − 90 = −710

இங்கேயும் கண்ணுக்கு இரண்டு மைனஸ் தெரிகிறது. ஆனால் ப்ளஸ் எங்கே வந்தது? கீழே இருந்த தண்ணீர் இன்னும் கீழே போனது, அவ்வளவுதான். −3 − 5 = −8 என்பதும் இதே கதை. எண்கோட்டைப் படுக்க வைத்து வரைவதைவிட, முதல் வாரம் முழுக்க நிமிர்த்தி, நடுவில் தரையைப் போட்டு வரையச் சொல்கிறோம். −620, −850 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் படுத்த கோட்டில் தடுமாறுகிறவர்கள்கூட நின்ற கோட்டில் −620 என்று சட்டென்று சொல்கிறார்கள்.

சரி, பெருக்கும்போது மட்டும் ஏன் மைனஸ் × மைனஸ் = ப்ளஸ்?

இப்படி எழுதிப் பார்:

3 × (−2) = −6
2 × (−2) = −4
1 × (−2) = −2
0 × (−2) = 0

இடதுபக்கம் ஒவ்வொன்றாகக் குறைகிறது, விடை ஒவ்வொரு முறையும் 2 ஏறுகிறது. அடுத்த வரி (−1) × (−2). விடை இன்னும் 2 ஏறினால் +2. வேறு எதைப் போட்டாலும் வரிசை உடையும். கி.பி. 628-இலேயே பிரம்மகுப்தர் நேர் எண்களைச் சொத்து என்றும் குறை எண்களைக் கடன் என்றும் பெயரிட்டு, கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து என்று விதி எழுதிவைத்துவிட்டார். கடனைக் கடனால் பெருக்குவது என்றால் என்ன என்று வட்டிக்கடைக்காரரிடம் கேட்டுவிடாதே, அவருக்கும் விளங்காது. வரிசையை வைத்துப் புரிந்துகொள்வதுதான் சுலபம்.

கூடவே ஒன்று. (−3)² என்றால் 9. அடைப்புக்குறி இல்லாத −3² என்றால் −9, ஏனென்றால் வர்க்கம் 3-க்கு மட்டும்தான், மைனஸ் வெளியே நிற்கிறது. பத்தாவதில் இருபடிச் சூத்திரம் போடும்போது இது தெரியாமல் மார்க் போகும்.

பின்னம்னா எம்புள்ளைக்கு அழுகையே வந்துருதுங்க. பின்னம் இல்லாம இயற்கணிதம் படிக்க முடியாதுங்களா?

முடியாதுங்க. கொஞ்ச தூரம் ஓட்டலாம், ஒன்பதாவது பாதியிலேயே நின்றுவிடும்.

1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டால் நிறையப் பிள்ளைகள் 2/5 என்று எழுதுவார்கள். மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டுவது. தப்பு என்று சொல்லி அடித்துவிட்டால் அடுத்த வாரம் மறுபடியும் அதையே எழுதுவார்கள். அதற்குப் பதிலாக, 2/5 பெரியதா, பாதி பெரியதா என்று கேட்போம். 2/5 என்பது 0.4. பாதி 0.5. பாதியோடு இன்னொன்றைக் கூட்டினோம், விடை பாதியைவிடக் குறைந்துவிட்டதே, எப்படி? அங்கேதான் பிள்ளை பென்சிலைக் கீழே வைத்து யோசிக்கும். அதற்குப் பிறகு 3/6 + 2/6 = 5/6 என்று சொல்லித்தருவது பத்து நிமிட வேலை.

வகுத்தல் இன்னும் மோசம். தலைகீழாக்கிப் பெருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம், ஏன் என்று சொல்வதில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிலக்கணக்கில் சொன்னால் போதும். ஏக்கருக்கு 100 சென்ட். முக்கால் ஏக்கர் தோட்டத்தை அரைக்கால் ஏக்கர் துண்டுகளாகப் பிரித்தால் எத்தனை துண்டு?

3/4 ÷ 1/8 = 3/4 × 8 = 6

சென்ட்டில் போட்டுப் பாருங்கள். முக்கால் ஏக்கர் 75 சென்ட், அரைக்கால் ஏக்கர் பன்னிரண்டரை சென்ட். 75 ÷ 12.5 = 6. ஒரு ஏக்கரில் அரைக்கால் ஏக்கர் 8 இருக்கிறது, அதனால்தான் 8-ஆல் பெருக்குகிறோம். வகுத்தால் விடை எப்போதும் சின்னதாகத்தான் வரும் என்ற நம்பிக்கையும் இங்கே உடைந்துபோகும்.

இயற்கணிதத்தில் இது எங்கே வரும்? ம/2 + ம/3 = 5 என்று ஒரு கணக்கு. 1/2 + 1/3-க்கு 2/5 எழுதின பிள்ளை இங்கே 2ம/5 என்று எழுதும். பின்னம் தெரிந்த பிள்ளை 5ம/6 = 5 என்று எழுதி, ம = 6 என்று முடித்துவிடும். 6-இல் பாதி 3, மூன்றில் ஒன்று 2, மொத்தம் 5. சரியா என்று போட்டுப் பார்க்கும் இந்தக் கடைசி வரியை விடக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருப்போம்.

இன்னொரு வியாதி குறுக்குப் பெருக்கல். நடுவில் சமக்குறி இருந்தால்தான் அது செல்லும். கூட்டல் குறி, பெருக்கல் குறி என்று எதைக் கண்டாலும் குறுக்கே கோடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தசமம், சதவீதம் எல்லாம் உண்டா?

உண்டு, சீக்கிரம் முடிந்துவிடும். பால் சொசைட்டிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தசமம் சொல்லித்தரவே வேண்டாம். கொழுப்பு 4.3 பெரியதா, 4.25 பெரியதா என்று வெறும் எண்ணாகக் கேட்டால் 25 பெரியது என்று ஏமாறுகிறவர்கள்கூட, எந்தப் பாலுக்கு ரேட் அதிகம் என்று கேட்டால் சரியாகச் சொல்கிறார்கள்.

சதவீதத்தில் ஒரே ஒரு பொறிதான் உண்டு. நாமக்கல்லில் முட்டை விலை 500 காசு என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் ஏறுகிறது, பிறகு 10 சதவீதம் இறங்குகிறது. பழைய விலைக்கே வந்துவிடுமா? 500 என்பது 550 ஆகும். 550-இல் 10 சதவீதம் 55, ஆகவே 495. எதற்கு 10 சதவீதம் என்று கேட்டுக்கொள்ளப் பழகினால் போதும்.

பாடத்துல ஏனுங்க எழுத்து வருது? நம்பர் பத்தாதா?

சனிக்கிழமை சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற ஒருவர், பீஸுக்கு 6 ரூபாய், வாரத்தின் நடுவில் 500 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். இந்த வாரம் எத்தனை பீஸ் என்று இன்னும் தெரியாது. ஆனால் சம்பளம் எப்படி வரும் என்று இப்போதே எழுதிவிடலாம்: 6ம − 500. கையில் 3,100 வந்தது என்றால் 6ம = 3,600, ஆகவே 600 பீஸ். தெரியாத எண்ணுக்கு ஓர் இடம் போட்டுவைத்து, தெரிந்ததை வைத்து வேலையைத் தொடங்குவதற்குத்தான் எழுத்து.

இங்கே ஒரு ஆபத்து உண்டு. 'ம' என்பது மூட்டை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். 3ம என்றால் 3 மூட்டை என்று படிப்பார்கள். அது பார்க்கச் சரி மாதிரி இருக்கும், பிறகு காலை வாரிவிடும். 'ம' எப்போதும் ஓர் எண். ஒரு மூட்டையின் எடை எத்தனை கிலோ என்பதாகவோ, மூட்டைகளின் எண்ணிக்கையாகவோ இருக்கலாம். எது என்று முதல் வரியிலேயே எழுதச் சொல்கிறோம்: "ஒரு மூட்டையின் எடை ம கிலோ என்க." இந்த வரி இல்லாத வார்த்தைக் கணக்குக்கு எங்கள் வகுப்பில் மார்க் கிடையாது.

ம = 3 என்றால் 2ம எவ்வளவு என்று கேட்டால் 23 என்று எழுதுகிறவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள். எட்டு வருடம் இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அப்படித்தான் படித்திருக்கிறார்கள். நடுவில் பெருக்கல் குறி ஒளிந்திருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் போனா குறி மாறும்னு சொல்லிக்குடுத்தாங்க. அது போதாதா?

இந்த விதியை நாங்கள் வகுப்பில் தடை செய்திருக்கிறோம். கொஞ்சம் கடுமைதான், ஆனால் காரணம் இருக்கிறது.

ஒரே எடையுள்ள 3 மஞ்சள் மூட்டையும் 14 கிலோ உதிரி மஞ்சளும் சேர்ந்து 209 கிலோ. 3ம + 14 = 209. 14 அந்தப் பக்கம் போய் மைனஸ் ஆகிறது, 3ம = 195. இதுவரை சரி. அடுத்து 3-ஐயும் அந்தப் பக்கம் அனுப்பவேண்டுமே. சிலர் 195 − 3 என்று எழுதி 192 கிலோ என்பார்கள். சிலர் குறி மாறவேண்டும் என்று 195-ஐ −3-ஆல் வகுத்து −65 கிலோ என்று எழுதிவைப்பார்கள். மூட்டை மைனஸ் எடையில் தராசிலிருந்து எழும்பி மேலே பறக்கும் போல.

நாங்கள் சொல்லித்தருவது ஒன்றுதான்: இந்தத் தட்டில் என்ன செய்கிறாயோ அதையே அந்தத் தட்டிலும் செய். இரண்டு பக்கமும் 14 கழி. இரண்டு பக்கமும் 3-ஆல் வகு. ம = 65. இரண்டு வரி கூடுதலாக எழுதவேண்டியிருக்கும். எழுதட்டும். பத்தாவது முடிக்கும்போது அந்த வரிகளைத் தானாகவே மனதில் போட்டுக்கொள்வார்கள்.

சமக்குறியையே பிள்ளைகள் தப்பாகப் படிக்கிறார்கள் என்பதுதான் இதற்கெல்லாம் வேர். அவர்களுக்கு அது "விடை இதோ" என்று காட்டும் அம்புக்குறி. 12 × 5 = 60 + 40 = 100 − 25 = 75 என்று ஒரே ஓட்டமாக எழுதுவார்கள். கடையில் வாயால் சொல்ல அது சரி. தாளில் எழுதினால் 12 × 5 என்பது 75-க்குச் சமம் என்று ஆகிவிடுகிறது. இந்தக் குறியை 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் கொண்டுவந்தபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்று காரணம் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்பது மட்டும்தான் அதன் வேலை.

அடைப்புக்குறியை எப்படிப் பிரிப்பது?

சாக்கோடு சேர்த்து ஒரு மூட்டை ம கிலோ, சாக்கு மட்டும் 1 கிலோ. 3 மூட்டையில் மஞ்சள் எவ்வளவு? 3(ம − 1) = 3ம − 3. இதை 3ம − 1 என்று எழுதினால் மூன்று சாக்கில் ஒன்றைத்தான் கழித்திருக்கிறாய், மண்டிக்காரர் விடமாட்டார். புத்தகத்தில் இதற்குப் பங்கீட்டுப் பண்பு என்று பெயர்.

கால்குலேட்டர் கொண்டு வரலாமா?

ஒரே ஒரு நாள் கட்டாயம் கொண்டு வரவேண்டும். கடையில் வைத்திருக்கும் சாதாரண கால்குலேட்டரில் 2 + 3 × 4 = என்று வரிசையாகத் தட்டுங்கள்; 20 காட்டும். போனில் அதையே தட்டினால் 14 காட்டும். எது சரி என்று வகுப்பில் சண்டை நடக்கும், நடக்கட்டும். பெருக்கல் முதலில், கூட்டல் பிறகு என்ற முறைப்படி 14-தான் சரி. கடை இயந்திரம் வந்த வரிசையில் போட்டுவிடுகிறது. அந்த நாளுக்குப் பிறகு கால்குலேட்டர் வீட்டிலேயே இருக்கட்டும்.

நேர் மாறல், எதிர் மாறல் எதற்கு? அது தனிப் பாடம்தானே?

வரைபடம், சூத்திரம் எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். ஒன்று கூடினால் மற்றொன்று கூடும் என்றால் நேர் மாறல், குறையும் என்றால் எதிர் மாறல் என்று மட்டும் படித்தால் பாதிதான் வரும். ஒரே விகிதத்தில் கூடவேண்டும், ஒரே விகிதத்தில் குறையவேண்டும்.

நம் ஊர் நூல் கவுண்ட் இதற்கு அருமையான கணக்கு. நூற்பாலையில் 20-ஆம் நம்பர், 40-ஆம் நம்பர் என்று சொல்வார்களே, அதில் நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் (நூல் கட்டுகள்) எத்தனை கிடைக்கும் என்பதுதான் அந்த நம்பர். 20-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 16,800 கஜம், 40-ஆம் நம்பர் 33,600 கஜம். நம்பருக்கும் நீளத்துக்கும் நேர் மாறல். நீளத்தை மாற்றாமல் வைத்தால் நம்பருக்கும் எடைக்கும் எதிர் மாறல். ஒரு குறிப்பிட்ட நீளம் 20-ஆம் நம்பரில் 12 கிலோ வந்தால், 30-ஆம் நம்பரில் 8 கிலோ, 40-ஆம் நம்பரில் 6 கிலோ. பெருக்கிப் பார்த்தால் எல்லாம் 240. எதிர் மாறலில் பெருக்குத்தொகை மாறாது, நேர் மாறலில் வகுத்து வருவது மாறாது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் ஆட்கள்-நாள் கணக்கு முழுவதும் போட்டுவிடலாம்.

தமிழ் மீடியம் பிள்ளைக்கும் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கும் ஒரே வகுப்பா?

ஒரே வகுப்புதான். தொகுதி என்றும் நியூமரேட்டர் என்றும், மாறி என்றும் வேரியபிள் என்றும், கெழு என்றும் கோஎஃபிஷியன்ட் என்றும் இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிடுவோம். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பொண்ணு காமர்ஸ்தான் எடுக்கப் போறா. அவளுக்கு இது வேணுங்களா?

காமர்ஸில் சதவீதமும் விகிதமும் இல்லாத பக்கம் குறைவு, வணிகக் கணிதம் எடுத்தால் கேட்கவே வேண்டாம். பாலிடெக்னிக் போனால் முதல் வருடமே கணக்கு இருக்கிறது. குரூப் 4 தேர்வில் 200 கேள்வியில் 25 கேள்வி திறனறிவு. சுருக்குதல், சதவீதம், மீ.பெ.கா., மீ.சி.ம., விகிதம், வட்டி என்று எல்லாம் இந்த வகுப்புச் சரக்குதான். அதற்காகவே வேலைக்குப் போகிற பெரியவர்கள் சிலரும் பின் பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். பிள்ளைகள் முதல் நாள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். பெண்ணுக்குக் கணக்கு வராது என்று அவள் காதுபட மட்டும் சொல்லாதீர்கள்.

யூடியூப்பில் எல்லாம் இருக்கிறதே?

இருக்கிறது. கான் அகாடமியில் ப்ரீ-அல்ஜீப்ரா பாடம் முழுவதும் இலவசம். பாடநூல் கழகத்தின் புத்தகங்களையும் இறக்கிக்கொள்ளலாம். தானாக உட்கார்ந்து கணக்குப் போடுகிற பிள்ளையாக இருந்தால் அதுவே போதும், எங்களிடம் வரவேண்டிய அவசியமில்லை. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும் என்பதுதான் வீடியோவின் குறை. மூடிவிட்டு அதே கணக்கை வெற்றுத்தாளில் போடச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

நாங்க அஞ்சாவதுக்கு மேல படிக்கலைங்க. வீட்ல எப்படிங்க சொல்லிக்குடுக்கறது?

சொல்லித்தர வேண்டாம். கேட்டால் போதும். "இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு எப்படி வந்தே?" என்று கேளுங்கள். விளக்கிச் சொல்லும்போதே பாதித் தப்பைப் பிள்ளையே பிடித்துவிடும். சந்தைக் கணக்கு, கூலிக் கணக்கு, வட்டிக் கணக்கு போடும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். தப்பாகச் சொன்னால் நேரம் கொடுங்கள், உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

ராமானுஜன் ஈரோட்டுலதான் பொறந்தாராமே, நம்ம மண்ணுல கணக்கு இருக்குதுங்களா?

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில், அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அந்தத் தேதியைத்தான் தேசியக் கணித தினமாகக் கொண்டாடுகிறோம். மண்ணைப் பற்றித் தெரியவில்லை. நோட்டு நோட்டாகப் போட்டுத் தள்ளினார் என்பது மட்டும் உறுதி.

என் பிள்ளைக்கு இந்த வகுப்பு தேவையா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். கீழே உள்ள எட்டுக் கணக்கைக் கொடுங்கள். நேரக் கட்டுப்பாடு வேண்டாம், கால்குலேட்டர் வேண்டாம், போட்ட வழியைத் தாளில் எழுதவேண்டும்.

1. 8 + 4 = □ + 5. கட்டத்தில் என்ன எண்?
2. −7 − (−12)
3. 1/2 + 1/3 (இந்தப் பக்கத்தில் விடையை ஏற்கெனவே படித்துவிட்ட பிள்ளையாக இருந்தால் 2/3 + 1/4)
4. 4.3, 4.25, 4.205 மூன்றில் எது பெரியது?
5. 6 + 2 × 5
6. −4²
7. ம = 3 என்றால் 5(ம − 2) − 2ம எவ்வளவு?
8. 15 ஆட்கள் 8 நாளில் வெட்டும் மஞ்சளை 12 ஆட்கள் எத்தனை நாளில் வெட்டுவார்கள்?

விடைகள்: 1) 7. 2) 5. 3) 5/6 (மாற்றுக் கணக்குக்கு 11/12). 4) 4.3. 5) 16. 6) −16. 7) −1. 8) 10 நாள்.

முதல் கணக்குக்கு 12 என்று எழுதியிருந்தால் சமக்குறி இன்னும் அம்புக்குறியாகத்தான் இருக்கிறது. மற்ற ஏழும் சரியாக இருந்தாலும் அனுப்பிவையுங்கள். 2, 6, 7 தப்பு என்றால் மைனஸில் வேலை இருக்கிறது. 3 மட்டும் தப்பு என்றால் பின்னம் நடக்கும் வாரங்களுக்கு மட்டும் வந்தால் போதும். 8-க்கு ஆறரை நாள் அல்லது 6.4 என்று எழுதியிருந்தால் நேர் மாறலாக எடுத்துக்கொண்டிருக்கிறான். ஆள் குறைந்தால் வேலை சீக்கிரம் முடியுமா என்று வீட்டிலேயே கேளுங்கள், பெரும்பாலும் அப்போதே திருத்திக்கொள்வான். எட்டும் சரி என்றால் வகுப்பு வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை இப்போதே கையில் கொடுத்துவிடுங்கள்.